கீழ் வயிற்றுக்கு எம்.ஆர்.ஐ. எதற்கு? அல்ட்ராசவுண்ட் போதாதா?

கேள்வி: 3 அக்டோபர் 2024, மாலை 6.05

வயது 36, ஊர் குன்னூர். இரண்டு வருடமாக மாதவிடாய் என்றால் மூன்று நாள் படுக்கைதான். ரத்தப்போக்கும் அதிகம். அல்ட்ராசவுண்டில் 'கர்ப்பப்பை பெரிதாக இருக்கிறது, இடது ஓவரிப் பக்கம் 5 செ.மீ. கட்டி' என்று வந்தது. இப்போது பெல்விஸ் எம்.ஆர்.ஐ. எடுத்து வா என்கிறார் டாக்டர். கட்டி இருப்பதுதான் தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு இன்னொரு ஸ்கேன்? காசு பிடுங்குகிறார்கள் என்கிறார் வீட்டுக்காரர். எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 அக்டோபர், இரவு 10.20

காசு பிடுங்குவதும் நடக்கிறதுதான். ஆனால் உங்கள் விஷயத்தில் அப்படித் தெரியவில்லை.

நான் கோத்தகிரி, வயது 43. இரண்டு வருடத்துக்கு முன் என் அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டிலும் கிட்டத்தட்ட இதே வாசகம். 'பல்க்கி யூட்ரஸ்', இடது பக்கம் கட்டி. கர்ப்பப்பை பெரிது, சரி. எதனால் பெரிது? ஃபைப்ராய்டு இருந்தாலும் பெரிதாகும், அடினோமயோசிஸ் இருந்தாலும் பெரிதாகும். ஃபைப்ராய்டு என்பது சதையில் உருண்டையாக வளர்வது. வரப்பு கட்டியதுபோல் சுற்றிலும் எல்லை இருக்கும், தேவைப்பட்டால் அதை மட்டும் தோண்டி எடுக்கலாம். அடினோமயோசிஸ் அப்படியில்லை. கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வு அதன் சதைக்குள்ளேயே புகுந்து அருகம்புல் மாதிரி பரவிவிடும். எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. என் அல்ட்ராசவுண்டில் இது பிடிபடவில்லை. எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகத் தெரிந்தது.

உங்களுக்கும் அடினோமயோசிஸாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அந்த 5 செ.மீ. கட்டி எனக்கு இருந்ததைப் போல சாக்லேட் கட்டியாக, அதாவது ஓவரியில் பழைய ரத்தம் தேங்கிய கட்டியாக இருக்கலாம்.

3 அக்டோபர், இரவு 10.50

விட்டுப்போனது. காப்பர்-டி இருந்தால் எடுத்துவிட்டுப் போங்கள், அது உலோகம். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். எம்.ஆர்.ஐ.யில் எல்லாமே தெரிந்துவிடும், பயம் வேண்டாம்.

5 அக்டோபர், மதியம்

எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போன கதையைச் சொல்கிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

2022 நவம்பர். கோவையில் காலை 11 மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு. விடியற்காலை நாலரைக்கு ஒரு டம்ளர் டீயும் இரண்டு வர்க்கியும் சாப்பிட்டதோடு சரி. மழைக்காலத்தில் கீழே போவதென்றால் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்புவோம், நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். குஞ்சப்பனை தாண்டியதும் சாலையில் மரம் விழுந்து கிடந்தது. முன்னால் ஐந்தாறு வண்டி, பின்னால் ஒரு பஸ். வாள் வந்து, அறுத்து, உருட்டி, வழி விட வெகு நேரம் ஆனது. பஸ்ஸில் வந்த ஒரு பாட்டி பலாச்சுளை நீட்டினார். நவம்பரில் பலாச்சுளை எங்கே கிடைத்ததோ. வேண்டாம் என்று தலையாட்டியபோது அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி. நல்லவேளை, திருப்பி அனுப்பவில்லை.

முதல் வேலை உடம்பிலுள்ள உலோகத்தை எல்லாம் கழற்றுவது. கம்மல், வளையல், கொண்டை ஊசி சுலபம். தாலிக்கொடியில்தான் சங்கடம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் கொடியில் நான் மாட்டி வைத்திருந்த மூன்று ஊக்கை இழுக்கும். தங்கமும் படத்தில் கறையாக விழலாம், சூடாகவும் வாய்ப்புண்டு, அதனால் மொத்தமாகக் கழற்றச் சொல்வார்கள். அம்மா விவரமானவர். ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு முடிந்து பையில் கொண்டுவந்திருந்தார். அதைக் கட்டிவிட்டு இதைக் கழற்றினார். டெக்னீஷியன் பெண் சிரித்துக்கொண்டே, பாதிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள் என்றார்.

மெட்டி கழலவே இல்லை. பதினெட்டு வருடமாக விரலில் கிடந்தது. சோப்புத் தண்ணீர் போட்டுத் திருகி, கடைசியில் தேங்காய் எண்ணெயில் வழுக்கி வந்தது. ஒரு விரல் சிராய்த்துவிட்டது. நீங்கள் முந்தின நாளே வீட்டில் கழற்றிப் பாருங்கள்.

அந்த அறையில் ஏசி குளிர் தாங்க முடியவில்லை என்று முன்னால் போய் வந்த அம்மாள் நடுங்கிக்கொண்டிருந்தார், பொள்ளாச்சிப் பக்கமாம். எனக்கு எங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பதுபோல்தான் இருந்தது.

படுக்க வைத்து, வயிற்றின்மேல் முறம் அளவுக்கு ஒன்றை வைத்துப் பட்டையால் கட்டினார்கள். உடம்பிலிருந்து வரும் சிக்னலை வாங்குவது அந்த முறம்தானாம். காதில் பஞ்சு, அதன்மேல் ஹெட்ஃபோன், கையில் ஒரு ரப்பர் பந்து. முடியாவிட்டால் பந்தை அமுக்கு, வெளியே எடுத்துவிடுவோம் என்றார்கள். பெல்விஸுக்குக் காலை முன்னால் விட்டு உள்ளே அனுப்பினார்கள், அதனால் தலை வாய்ப்பக்கமே இருந்தது. மூடிய இடத்துக்குப் பயப்படுபவர்கள் இப்படி முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் சத்தம். டீ ஃபேக்டரியில் இலை நசுக்கும் சி.டி.சி. மெஷின் பக்கத்தில் நின்றவர்களுக்கு அது புதிதில்லை. கொஞ்ச நேரம் கடகட, கொஞ்ச நேரம் டுர்ர்ர், நடுவில் திடீரென்று நிசப்தம். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஆரம்பிக்கும். நாற்பது நிமிடம். கடைசியில், படத்தில் சில இடங்கள் பளிச்சென்று தெரிவதற்கான டை ஊசி போட்டார்கள். வாய் வறண்டு நெஞ்சு படபடத்தது.

6 அக்டோபர், காலை

ரேடியேஷன் எவ்வளவு என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். எக்ஸ்ரே கதிர் இதில் கிடையவே கிடையாது. சி.டி. ஸ்கேன் வேறு, இது வேறு. பெரிய காந்தமும் ரேடியோ அலையும்தான். காந்தத்தின் பலம் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா. நீங்கள் உள்ளே போனாலும் போகாவிட்டாலும் அந்தக் காந்தம் ராத்திரி பகலாக வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அதன் கம்பிச்சுருளை திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்து வைத்திருக்கிறார்கள். அவலாஞ்சி உறைபனியெல்லாம் அதற்கு முன் வெயில்காலம்.

6 அக்டோபர், காலை, கொஞ்சம் கழித்து

இதற்கு முதலில் வைத்த பெயர் என்.எம்.ஆர். நியூக்ளியர் என்ற சொல்லைக் கேட்டு ஜனங்கள் பயந்ததால் அந்த எழுத்தைக் கழற்றிவிட்டு எம்.ஆர்.ஐ. ஆக்கினார்கள். நம் ஊரில் என்.எம்.ஆர். என்றால் மலை ரயில். அது 1899-ல் குன்னூர் வரை வந்தது, 1908-ல் ஊட்டி வந்தது. வழியில் 16 குகை. மனிதரை முழுதாக உள்ளே வைத்து முதலில் மார்புப் படம் எடுத்தது 1977 ஜூலையில், டாமாடியன் என்ற அமெரிக்க மருத்துவர். ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனது. மேட்டுப்பாளையத்தில் ஏறினால் மலை ரயில் அதற்குள் ஊட்டி வந்துவிடும். ஆனால் இதற்காக 2003-ல் நோபல் கிடைத்தது லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும். டாமாடியனுக்கு இல்லை. அவர் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார்.

6 அக்டோபர், இரவு

கேள்விக்கு வருகிறேன். கட்டி என்ன கட்டி என்று இது எப்படிச் சொல்கிறது?

ஃபிலிமில் டி-1, டி-2 என்று எழுதியிருக்கும். எங்கள் மாமனார் அதைப் பார்த்துவிட்டு, டீத்தூள் கிரேடா என்று கேட்டார். நாற்பது வருடம் ஃபேக்டரியில் இருந்தவர், அவர்மேல் தப்பில்லை.

உடம்பில் தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் நிறைய. காந்தத்துக்குள் அது ஒரு ஒழுங்குக்கு வரும், ரேடியோ அலையால் அதைத் தட்டிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும்போது சிக்னல் தரும். ஒவ்வொரு திசுவும் திரும்பும் வேகம் வேறு. அந்த வேகத்தை இரண்டு விதமாக அளப்பதுதான் டி-1, டி-2. டி-2 படத்தில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும். டி-1 படத்தில் தண்ணீர் கறுப்பு, கொழுப்பும் பழைய ரத்தமும் வெள்ளை.

இதை வைத்து ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். சாதாரண நீர்க்கட்டி டி-1-ல் கறுப்பு, டி-2-ல் வெள்ளை, அதோடு முடிந்தது. டி-1-ல் வெள்ளையாக ஒரு கட்டி தெரிந்தால் அது கொழுப்பா, ரத்தமா? கொழுப்பின் சிக்னலை மட்டும் அணைத்துவிட்டு அதே படத்தை மறுபடி எடுப்பார்கள். கட்டி கறுத்துப்போனால் கொழுப்பு, அதாவது டெர்மாய்டு. முடி, பல்கூட உள்ளே இருக்கும். அப்படியும் வெள்ளையாகவே நின்றால் பழைய ரத்தம், பெரும்பாலும் சாக்லேட் கட்டி. எனக்கு நின்றது.

அதோடு விடவில்லை. இடது ஓவரி கர்ப்பப்பையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மலக்குடலின் முன்சுவரும் அந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். கர்ப்பப்பையின் உள்வரி போன்ற சவ்வு அதற்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ், அது ஆழமாக வேர்விட்ட அடையாளம் இது. அதைப் படித்த பிறகுதான், கட்டியை மட்டும் எடுத்துவிடலாம் என்று தேதி குறித்திருந்த டாக்டர் தேதியை ரத்து செய்தார். குடல் அறுவை செய்பவரும் கூட இருக்கும் இடத்துக்குப் போங்கள் என்று அனுப்பினார். படம் எடுக்காமல் திறந்திருந்தால் மேஜைமேல் வைத்துக்கொண்டு திகைத்திருப்பார்கள்.

கர்ப்பப்பையின் உள்வரிக்கும் சதைக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை தெரியும். அது 12 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் அடினோமயோசிஸ் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எனக்கு 15. மாதவிடாய் நாட்களில் அந்தப் பட்டை தடித்துத் தெரியக்கூடும், முடிந்தால் அந்த நாட்களைத் தவிர்த்துத் தேதி வாங்குங்கள்.

9 அக்டோபர்

மூன்று இடத்தில் தப்பாக எழுதியிருக்கிறேன். நர்ஸாக இருக்கும் ஒருவர் தனியாக எழுதித் திட்டினார். திட்டு சரிதான்.

காப்பர்-டி எடுக்க வேண்டியதில்லை. செம்பைக் காந்தம் இழுக்காது. இப்போதுள்ளவை 1.5, 3 டெஸ்லா காந்தத்திலும் சாதாரணமாக அனுமதிக்கப்படுகின்றன. போட்டிருக்கிறேன் என்று படிவத்தில் சொன்னால் போதும். நான் சொன்னதைக் கேட்டு யாரும் எடுத்துவிடவில்லையே?

வயிறு முட்டத் தண்ணீர் என்றது அல்ட்ராசவுண்ட் பழக்கத்தில் வந்தது. எம்.ஆர்.ஐ.க்கு மூத்திரப்பை அரைகுறையாக நிறைந்திருந்தால் போதும். முட்ட முட்டக் குடித்துவிட்டு நாற்பது நிமிடம் அசையாமல் படுக்க முடியாது. அசைந்தால் படம் கலங்கும், மறுபடி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, வாய் வறண்டு நெஞ்சு படபடத்தது டை ஊசியால் இல்லை. அது பஸ்கோபான். குடல் தானாக நெளிந்துகொண்டே இருப்பதால் கொஞ்ச நேரம் அதை அடக்கி வைக்க ஸ்கேன் தொடக்கத்தில் போடுவது. டை கடைசியில் போட்டது, அப்போது கை மட்டும் ஜில்லென்றது. இரண்டு ஊசியையும் ஒன்றாகக் குழப்பிவிட்டேன். கிளாக்கோமா, இதயத் துடிப்புக் கோளாறு இருப்பவர்கள் பஸ்கோபானுக்கு முன் சொல்லிவிட வேண்டும். டை விஷயத்தில் கிட்னி முக்கியம். கிரியாட்டினின் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். கர்ப்பமாக இருந்தால் டை தவிர்ப்பார்கள். எல்லாருக்கும் டை தேவைப்படுவதும் இல்லை.

10 அக்டோபர்

ஆண்கள் இந்த இழையைப் படிப்பதில்லை என்று நினைத்தேன். 'பெல்விஸ் என்றால் பெண்களுக்கு மட்டுமா' என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள்.

எங்கள் கொழுந்தனார் கதையைச் சொல்கிறேன், அவர் அனுமதியோடு. கொழுந்தனாருக்குக் கொழுந்து எடை போடும் வேலை. (இந்தச் சிலேடையை எங்கள் வீட்டில் யாரும் இனிமேல் சிரித்துக் கேட்பதில்லை, அதனால் இங்கே.) ஒரு வருடமாகத் தராசு முன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். மூலம் என்று தானே முடிவு செய்து, துத்திக்கீரை, மோர் என்று ஓட்டினார். மூலம் இல்லை, பவுத்திரம். ஒரு இடத்தில் அறுவை நடந்து, ஆறு மாதத்தில் மறுபடி சீழ். அடுத்த டாக்டர் கத்தியை எடுக்கும் முன் எம்.ஆர்.ஐ. கேட்டார்.

வெளியே ஒரு புள்ளிதான் தெரிகிறது. உள்ளே பாதை எப்படிப் போகிறது, மலத்தை அடக்கும் தசையைத் துளைத்துப் போகிறதா, இரண்டு தசைக்கும் நடுவில் போகிறதா, கிளை பிரிகிறதா, சீழ் எங்கே தேங்கி நிற்கிறது, எல்லாம் படத்தில் தெரியும். அவருக்கு ஒரு கிளை வலது பக்கமாகச் சுற்றிப் போயிருந்தது. முதல் அறுவையில் அதை யாரும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கீறினால் அடக்கும் தசையே அறுந்து போய்விடலாம், அப்புறம் ஆயுசுக்கும் அவஸ்தை. இப்போது இரண்டு பக்கமும் சரிசமமாக உட்காருகிறார்.

11 அக்டோபர்

புராஸ்டேட்: சித்தப்பாவுக்கு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (அந்தச் சுரப்பியிலிருந்து வரும் புரதம், கூடினால் புற்றோ என்று பார்ப்பார்கள்) கூடியிருந்தது. முன்பெல்லாம் நேராக ஊசி குத்திச் சதை எடுத்துவிடுவார்கள். இப்போது பல இடங்களில் முதலில் எம்.ஆர்.ஐ. சந்தேகத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள், பை-ராட்ஸ் என்று பெயர். 4, 5 என்றால் குறிபார்த்து அந்த இடத்தில் குத்துவார்கள். சித்தப்பாவுக்கு 2. பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு குறைந்த மார்க்குக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்றார்.

14 அக்டோபர்

அருவங்காட்டிலிருந்து ஒருவர்: 'வெல்டிங் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தேன், இடுப்புக்குத்தான் எம்.ஆர்.ஐ., கண்ணுக்கு எதற்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள்?'

கிரைண்டிங்கில் தெறித்த இரும்புத் துகள் உங்களுக்கே தெரியாமல் கண்ணில் தங்கியிருக்கலாம். இடுப்புக்கு எடுத்தாலும் காந்தத்தின் பக்கத்தில் மொத்த ஆளும்தானே போகிறோம். துகள் நகர்ந்தால் கண் போய்விடும். உங்களிடம் கேட்ட அந்த டெக்னீஷியனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாய் கிளிப், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி இருப்பவர்கள் முன்கூட்டியே அட்டையைக் காட்டுங்கள். சிலவற்றை அனுமதிப்பார்கள், சிலவற்றை மாட்டார்கள், மாடலைப் பொறுத்தது.

15 அக்டோபர், இரவு

பந்தலூர்ப் பக்கம் வேலை பார்க்கும் சுகாதாரப் பணியாளர் ஒருவர் எழுதியதைப் படித்த பிறகு நேற்று எழுதிய நகைச்சுவையெல்லாம் கொஞ்சம் கசந்தது. அவர் பார்க்கும் பணியர் குடும்பத்துப் பையன், பத்தொன்பது வயது, தொடை இடுக்கில் வலி, நொண்டி நடக்கிறான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு அரிவாள் செல் ரத்தசோகை இருப்பது சின்ன வயதிலேயே தெரியும்.

நம் மாவட்டத்துக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு. இந்தியாவில் இதைப் பற்றி வந்த முதல் பதிவுகளில் ஒன்று 1952-ல் லேமன், கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடியினரிடையே ரத்தம் சோதித்து எழுதியது. சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து நுண்குழாயை அடைக்கும். தொடை எலும்பின் பந்துக்கு ரத்தம் போகும் வழி ஏற்கெனவே குறுகல், அது அடைபட்டால் எலும்பு உயிரிழக்கும். எக்ஸ்ரேயில் தெரிவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் பந்து நசுங்கியும் போகலாம். எம்.ஆர்.ஐ.யில் தொடக்கத்திலேயே மஜ்ஜை மாறியிருப்பது தெரியும். அந்தப் பையனுக்கு மூன்றாம் முறை எடுத்தது எம்.ஆர்.ஐ. இடது பக்கம் முற்றிவிட்டது, வலது பக்கம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. வலது பக்கத்தில் அவனுக்கு வலியே இல்லையாம்.

பெல்விஸ் ஸ்கேன் என்றால் கர்ப்பப்பையும் ஓவரியும் என்றே எழுதிக்கொண்டு போனேன். எலும்பும் அதற்குள்தான் இருக்கிறது.

21 அக்டோபர்

'எல்லாமே தெரிந்துவிடும்' என்று முதல் நாள் எழுதியதை ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன். திரும்பப் பெறுகிறேன்.

என் அக்காள் மகள், 24 வயது, கல்லூரியில் மயங்கி விழும் அளவுக்கு மாத வலி. என் கதையைக் கேட்டு அவளும் எடுத்தாள். 'இயல்பு' என்று வந்தது. உடனே வீட்டில் எல்லாரும், பார்த்தாயா, ஒன்றுமில்லை, மனசுதான் காரணம் என்றார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படியே நினைத்தேன், அதுதான் வெட்கம். எண்டோமெட்ரியோசிஸ் சவ்வின்மேல் மெல்லிய புள்ளிகளாக மட்டும் இருந்தால் எம்.ஆர்.ஐ. கண்ணில் படாமல் போகும். சாக்லேட் கட்டி, ஆழமான வேர், ஒட்டுதல் இதெல்லாம்தான் நன்றாகத் தெரியும். படம் சுத்தமாக வந்ததால் வலி பொய்யாகிவிடாது. அவளுடைய டாக்டர் அதைத் தெளிவாகச் சொல்லி மருந்து தொடங்கினார். இப்போது வகுப்புக்குப் போகிறாள்.

இன்னொன்று. எதற்கும் இருக்கட்டும் என்று வருடத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு முன்கூட்டிச் சோதிக்க இது கருவி இல்லை. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வினிகர் தடவிப் பார்க்கும் சோதனை உண்டு, பாப் ஸ்மியர், எச்.பி.வி. சோதனை உண்டு. புற்று உறுதியான பிறகு எம்.ஆர்.ஐ.க்கு வேலை வருகிறது. கட்டி எத்தனை பெரியது, பக்கவாட்டுத் திசுவுக்குத் தாண்டிவிட்டதா என்று பார்ப்பார்கள். தாண்டியிருந்தால் பொதுவாக அறுவை இல்லை, கதிர்வீச்சும் கீமோவும். மலக்குடல் புற்றிலும் இப்படித்தான், முதலில் அறுவையா, முதலில் கதிரா என்பதைப் படம் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

22 அக்டோபர்

ரிப்போர்ட்டை ராத்திரி தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். என்னுடையதில் 'நபோத்தியன் சிஸ்ட்' என்று ஒரு வரி. வலைத்தளத்தில் தேடித் தேடி இரண்டு ராத்திரி தூங்கவில்லை. டாக்டர் அந்த வரியைப் படிக்கக்கூட இல்லை. கர்ப்பப்பை வாயில் சுரப்பி அடைத்துக்கொண்டு வரும் சின்ன நீர்முத்து, பிள்ளை பெற்ற பலருக்கு இருக்குமாம். 'இடுப்புக்குழியில் சிறிது நீர்' என்பதும் பல சமயம் இயல்பே.

2 நவம்பர்

கேள்வி கேட்ட குன்னூர்க்காரர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். 'எம்.ஆர்.ஐ. பெல்விஸ்' என்று இரண்டே சொல். எனக்கு எழுதிக்கொடுத்த டாக்டர் நான்கு வரி எழுதியிருந்தார்: எத்தனை வருட வலி, அல்ட்ராசவுண்டில் என்ன தெரிந்தது, குடல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும். அந்த நான்கு வரிதான் டெக்னீஷியன் எந்தத் திசையில் எத்தனை படம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்ய உதவுவது. பவுத்திரத்துக்கு எடுக்கும் கோணம் வேறு, கர்ப்பப்பைக்கு வேறு, இடுப்பெலும்புக்கு வேறு. வெறும் 'பெல்விஸ்' என்று போனால் பொதுவாக எடுத்து, பொதுவாக ஒரு ரிப்போர்ட் கொடுப்பார்கள். நாள் போகும், காசும் போகும். உங்கள் வீட்டுக்காரர் சொன்னது அப்போது உண்மையாகிவிடும்.

திரும்பப் போய்க் கேட்டு எழுதி வாங்குங்கள். டாக்டர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். பழைய அல்ட்ராசவுண்ட் ஃபிலிமையும் எடுத்துப் போங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஸ்கேனுக்குச் செல்லுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேஜையில் முதலில் கேளுங்கள், பணம் கட்டிய பிறகு கேட்காதீர்கள். நான் கட்டிய பிறகு கேட்டேன்.

9 நவம்பர்

குன்னூர்க்காரர் ஸ்கேன் எடுத்துவிட்டார். கீழே போகும்போது மழையாம், மரம் எதுவும் விழவில்லையாம்.

ரிப்போர்ட்டை நேற்று அனுப்பினார். நான் அக்டோபர் 3-ல் ஊகித்துச் சொன்னதில் ஒன்றுகூடச் சரியில்லை. அடினோமயோசிஸ் இல்லை, அந்தப் பட்டை 7 மி.மீ. சாக்லேட் கட்டியும் இல்லை. 'ஓவரிப் பக்கம் 5 செ.மீ. கட்டி' ஓவரியிலேயே இல்லை. கர்ப்பப்பையின் வெளிச்சுவரிலிருந்து ஒரு காம்பில் தொங்கிக்கொண்டு ஓவரியின் மேல் போய்ச் சாய்ந்திருக்கும் ஃபைப்ராய்டு. டி-2-ல் கறுப்பு, கர்ப்பப்பையிலிருந்து அதற்குள் ரத்தக்குழாய் போவது தெரிகிறது, பக்கத்தில் ஓவரி தனியாக, ஒழுங்காக. உள்ளே இன்னும் மூன்று ஃபைப்ராய்டு, அதில் ஒன்று கர்ப்பப்பைக் குழிக்குள் துருத்திக்கொண்டிருக்கிறது. ரத்தப்போக்கு அதிகமாக இருந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்கிறார் டாக்டர். குழிக்குள் இருப்பதை வயிற்றைத் திறக்காமல் கீழ்வழியாகவே எடுத்துவிடலாமாம். ஓவரியைத் தொட வேண்டியதில்லை.

'உங்கள் ரிப்போர்ட்டும் என் ரிப்போர்ட்டும் ஒரே வாசகம்' என்று எழுதினேனே, வாசகம் ஒன்றுதான். என் வலியை எடுத்து அவர் வயிற்றில் வைத்துப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் எழுதியதை அழிக்கலாம் என்று நினைத்தேன், வேண்டாம், கிடக்கட்டும்.

வீட்டுக்காரர் இப்போது ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காம்பைக் காட்டுகிறாராம். டி-1, டி-2 அவருக்கும் டீத்தூளாகத்தான் பட்டிருக்கிறது.

9 நவம்பர், இரவு

குன்னூர்க்காரரே இப்போது எழுதினார்: தேங்காய் எண்ணெய் யோசனை வேலை செய்தது, வலது கால் மெட்டி வந்துவிட்டது, இடது கால் மெட்டி வரவில்லை. வெள்ளிதான், விரலை அசைக்காமல் இருங்கள் என்று அதன்மேல் பிளாஸ்திரி சுற்றி உள்ளே விட்டுவிட்டார்களாம். கழற்றிய மெட்டி கைப்பையில் இருந்து எங்கோ விழுந்துவிட்டது. மாமியார் மூன்று நாளாக ஒரு காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.